“ஃபுல் 2கே” என்று சொல்லி என்சி அடித்துக் கொடுத்த வெள்ளை சிட்டி: காடிக்குச் சாயம் அடிக்கக் கொடுப்பவர்கள் படிக்கவும்

சாயம் அடித்து நான்கே மாதம் ஆன ஒரு ஹோண்டா சிட்டி கார். சொந்தக்காரர் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண்மணி. காடி நாள் முழுக்க வெயிலில்தான் நிற்கும். மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள ஒரு பட்டறையில் பேசிய விலை 2,200 வெள்ளி (ரிங்கிட்). வாய்வார்த்தை: “ஃபுல் ஸ்ப்ரே, 2கே, ஓவன், ஒரிஜினல் பேர்ல் கலர்.” (2கே என்றால் ஹார்டனர் கலந்து இறுகும் சாயம். என்சி என்றால் தின்னர் ஆவியாகி மட்டும் காயும் நைட்ரோசெல்லுலோஸ் சாயம்.) ரசீதில் எழுதிக் கொடுத்தது: “ஸ்ப்ரே ஃபுல் காடி, 2,200.” அவ்வளவுதான்.

நான்காவது மாதம் முன் பம்பரைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவியபோது உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் உரிந்து வந்துவிட்டது. இடது பின்கதவில் மஞ்சள் கறை. நான்கு கதவும் மங்கிவிட்டன, பானட் (எஞ்சின் மூடி) மட்டும் பளபளப்பாக இருக்கிறது. பட்டறையில் கேட்டதற்கு முதலில் வந்த பதில், “அக்கா, கார் வாஷ்காரன் பிரஷர் வெச்சு அடிச்சிருப்பான்.” அடுத்தது, “மரத்தடியில நிறுத்தினீங்களா?” மூன்றாவது முறை போனபோது அவர் பிரச்சினை பிடித்த கஸ்டமர் ஆகிவிட்டார். அதன்பிறகு வாட்ஸ்அப்பில் பதிலே இல்லை.

அவர் பிரச்சினை பிடித்தவர் அல்ல. அந்தக் காடியில் என்ன நடந்திருக்கிறது என்பதைக் காடியே சொல்கிறது.

சாயத்தின் கனத்தை அளக்கும் கருவி பெரிய விலை இல்லை, இரும்புத் தகட்டில் வைத்தால் மைக்ரான் கணக்கில் காட்டும். தொழிற்சாலையில் அடித்த சாயம் பொதுவாக 90 முதல் 150 மைக்ரானுக்குள் இருக்கும். அதன்மேல் இன்னொரு முறை முழுதாக அடித்தால் 200-ஐத் தாண்டும். இந்தக் காடியின் பானட் 215. கதவுகள் 170, 180. இடது பின்கதவின் நடுவில் 1,400. உள்ளே கனமாகப் பட்டி (பள்ளத்தை நிரப்பும் பசை) இருக்கிறது. கூரை 118. அதாவது கூரையில் சாயமே அடிக்கவில்லை, பாலிஷ் போட்டு விட்டிருக்கிறார்கள். “ஃபுல் ஸ்ப்ரே” என்று காசு வாங்கிய காடியில் மிகப் பெரிய பேனல்களில் ஒன்றைத் தொடவே இல்லை. பின்கதவைத் திறந்து உள்விளிம்பில் நகத்தால் தடவினால் டேப் ஒட்டிய கோடு தட்டுப்படுகிறது.

அடுத்த சோதனைக்குக் கருவியே வேண்டாம். வெள்ளைத் துணியில் கொஞ்சம் என்சி தின்னர் நனைத்து, வெளியே தெரியாத ஓரத்தில் பத்து விநாடி தேய்க்க வேண்டும். ரப்பரிலும் பிளாஸ்டிக்கிலும் பட்டுவிடக் கூடாது. நன்றாகக் காய்ந்த 2கே கிளியர் (எல்லாவற்றுக்கும் மேலே போகும் நிறமற்ற பூச்சு) அசையாது. என்சி சாயம் கரைந்து துணியில் ஒட்டும், ஏனென்றால் அது தின்னர் ஆவியாகிப் போவதால் மட்டுமே காய்வது. மறுபடி தின்னர் பட்டால் மறுபடி கரையும். பானட் அசையவில்லை. நான்கு கதவும் முன் மட்கார்டுகளும் துணியைப் பிசுபிசுப்பாக்கி வெள்ளையாக்கின. கண் முதலில் விழும் பானட்டுக்கு 2கே, பக்கவாட்டுக்கெல்லாம் என்சி. அடித்த புதிதில் சில நாள் 2கே-யும் தின்னருக்கு இளகக்கூடும். நான்கு மாதம் கழித்து அந்தச் சாக்கு செல்லாது.

இங்கே “2கே” என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏமாற்று பெரும்பாலும் இந்த ஒரு சொல்லில்தான் ஒளிந்திருக்கிறது. 2கே என்றால் இரண்டு பாகம்: சாயம் ஒன்று, ஹார்டனர் ஒன்று. இரண்டும் சேர்ந்தால் வேதிவினை நடந்து இறுகிவிடும். பிறகு பெட்ரோல் சிந்தினாலும் கரையாது. ஆனால் மெட்டாலிக், பேர்ல் வேலையில் நிறம் தரும் பேஸ் கோட் பொதுவாக ஒரே பாகம்தான். அதில் தவறில்லை. 2கே-யாக இருக்க வேண்டியவை அடியில் போகும் பிரைமரும் மேலே போகும் கிளியரும். ஆகவே “2கே-தானா பாஸ்?” என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். கேட்க வேண்டியது: “கிளியர் 2கே-யா? பிரைமர் 2கே-யா? கிளியருக்கு ஹார்டனர் என்ன விகிதம்?” பல கிளியர்களுக்கு இரண்டுக்கு ஒன்று, சிலவற்றுக்கு நான்குக்கு ஒன்று, டின்னின் மேலேயே போட்டிருக்கும். ஹார்டனரைக் குறைத்தால் கிளியர் மெத்தென்று கிடந்து சீக்கிரம் மங்கும். கூட்டினால் மொறுமொறுவென்று ஆகி வெடிக்கும். ஒரு செடான் முழுக்க இரண்டு கோட் கிளியர் அடிக்கக் கலந்த அளவில் சுமார் 3 லிட்டர் போகும். பட்டறையில் உங்கள் காடிக்காக உடைத்தது ஒரு லிட்டர் டின் ஒன்றுதான் என்றால் கணக்கு உதைக்கிறது.

நிறத்திலும் ஏமாற்று உண்டு. ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள தகட்டில் இந்தக் காடியின் நிறம் என்எச்-788பி, ஒயிட் ஆர்க்கிட் பேர்ல். இது மூன்று அடுக்கு: முதலில் வெள்ளை அடித்தளம், அதன்மேல் கண்ணாடி மாதிரி மெல்லிய பேர்ல் கோட், அதன்மேல் கிளியர். பக்கவாட்டில் அடித்திருப்பது பேர்ல் இல்லாத வெறும் வெள்ளை. ஹோண்டாவிலேயே டஃபெட்டா ஒயிட் என்று என்எச்-578 இருக்கிறது, அதுவும் வெள்ளைதான், ஆனால் சாதா சாலிட். ஒரு அடுக்கு மிச்சம், பேர்ல் காசு மிச்சம், நேரமும் மிச்சம். பட்டறை விளக்கில் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். அந்த அக்கா காடியை எடுத்தது தீபாவளிக்கு முந்தின நாள் இரவு எட்டு மணிக்கு. மறுநாள் காலை வெயிலில் கூரை மினுங்க, கதவு சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி நின்றிருக்கிறது.

பம்பர் ஏன் உரிந்தது என்பதை உரிந்த துண்டே காட்டுகிறது: பின்பக்கம் வழவழப்பு, கீறலே இல்லை. கறுப்பு பிளாஸ்டிக்கின் மேல் நேராக வெள்ளை. பழைய பம்பரை மாற்றிப் புது வெற்றுப் பம்பர் போட்டிருக்கிறார்கள். வெற்றுப் பிளாஸ்டிக்கில் அச்சிலிருந்து கழற்றும்போது ஒட்டிய மெழுகுப்பசை இருக்கும். அதைக் கழுவி, சாம்பல் நிற ஸ்காட்ச்-பிரைட்டால் முழுக்கத் தேய்த்து, கிளீனர் போட்டுத் துடைத்து, மெல்லியதாக பிளாஸ்டிக் பிரைமர் அடித்த பிறகுதான் மற்றது. இந்த பிரைமர் கோட்டைத் தவிர்த்தால் எவ்வளவு நல்ல சாயமானாலும் உரியும். கார் வாஷ்காரன் மேல் பழி போடுவது அநியாயம். பழைய சாயம் உறுதியாக இருக்கும் பம்பருக்கு பிளாஸ்டிக் பிரைமர் தேவையில்லை. 600 அல்லது 800 நம்பர் சேண்ட்பேப்பரில் தேய்த்தால் போதும். “அட்டை சுற்றி வரும் புது பம்பரா, பழசா?” என்று கேட்டு எழுதி வையுங்கள்.

மஞ்சள் கறை பட்டியிலிருந்து வருவது. பட்டியில் சேர்க்கும் ஹார்டனர் எடையில் சுமார் 2 விழுக்காடு: 100 கிராம் பட்டிக்கு 2 கிராம். அவசரக்காரர்கள் சீக்கிரம் இறுகட்டும் என்று பிதுக்கிக்கொண்டே போவார்கள். மிஞ்சிய பெராக்சைடு உள்ளேயே கிடந்து, மேலே அடித்த சாயத்துக்குள் மெல்ல ஏறி மஞ்சளாக்கும். வெள்ளையிலும் வெளிர் நிறத்திலும் நன்றாகத் தெரியும். பாலிஷ் போட்டால் போகாது. அந்த இடத்தைப் பட்டியோடு சுரண்டித் தகடு தெரிய எடுத்தால்தான் தீரும். கனத்தையும் பாருங்கள்: பட்டி என்பது மேடு பள்ளத்தைச் சமப்படுத்த, மூன்று மில்லிமீட்டருக்குள். அதற்கு மேல் பள்ளம் இருந்தால் தகட்டைத் தட்டி இழுத்து நேராக்க வேண்டும். அந்த வேலைதான் கெத்தோக், அதற்குத்தான் கூலி.

மங்கலுக்கு நம் ஊர் வானிலையும் ஒரு காரணம். மழை விட்ட மாலையில் வேகமாக ஆவியாகும் மலிவுத் தின்னர் போட்டு என்சி அடித்தால், தின்னர் பறக்கும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். கறுப்புக் காடியில் உடனே வெண்படலமாகத் தெரியும். வெள்ளையில் தெரியாது, பளபளப்பு மட்டும் இருக்காது. மெதுவான தின்னர் வேண்டும், கோட்டுக்குக் கோட் பத்து நிமிடமாவது விட வேண்டும். ஓவன் என்றால் தகடு 60 டிகிரிக்குச் சூடாகி அரைமணி நேரம் நிற்க வேண்டும். நாலு சுவரும் விளக்கும் வைத்த அறையை ஓவன் என்று காட்டுகிறார்கள். வெப்பமானி எங்கே என்று கேளுங்கள்.

இனி பட்டறைப் பக்கம். இதே வேலை செய்பவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, கஸ்டமர் தரும் நெருக்கடி பொய்யல்ல. “தீபாவளிக்குள்ள வேணும்ணே”, “ஆயிரத்தைந்நூறுதான் இருக்கு, பார்த்து செஞ்சு குடு”, “ஒரு கதவு மட்டும் அடி, பக்கத்துக் கதவைத் தொடாதே.” இந்த அக்காவும் ஐந்தே நாளில் கேட்டவர்தான். முடியாது என்று சொல்லத் தயங்கி, சரி என்று தலையாட்டிவிட்டு, அடுக்கில் கை வைக்கிறார்கள். அங்கேதான் மோசடி தொடங்குகிறது. காசு குறைவு என்றால் பேனலைக் குறையுங்கள், அடுக்கைக் குறைக்காதீர்கள். பானட்டும் பம்பரும் இப்போது, கதவுகள் அடுத்த போனஸுக்கு என்று சொன்னால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள்.

ஒரே கதவு வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பேர்ல் வெள்ளை, சில்வர், மாஸ்டாவின் 46வி எண் சிவப்புக் காடிக்காரரிடம் வாக்குவாதம் செய்து பயனில்லை. அட்டையில் அடித்துக் காட்டுங்கள். மூன்று அட்டை: பேர்ல் இரண்டு கோட், மூன்று கோட், நான்கு கோட். மூன்றிலும் கிளியர் அடித்து, காடியை வெளியே தள்ளி, வெயிலில் கதவோடு சேர்த்து வைத்தால், கோட் எண்ணிக்கைக்கே நிறம் மாறுவதை அவரே பார்ப்பார். பிறகு பக்கத்துப் பேனலில் நிறத்தைக் கரைத்து (பிளெண்ட் செய்து), அந்தப் பேனல் முழுக்கக் கிளியர் போடுவது ஏன் என்று விளக்க வேண்டியதே இல்லை. அப்படியும் வேண்டாம் என்றால் “பிளெண்ட் வேண்டாம் என்றார்” என்று வேலைத்தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேர்ந்தெடுத்த அட்டையின் பின்னாலும் கையெழுத்து, தேதி. வெளுத்துப்போன பழைய புரோட்டான் சாகா சிவப்புக்கு டின்னில் உள்ள நிறக் குறியீட்டு எண்படி கலந்தால் ஒருபோதும் ஒட்டாது. பழைய பேனலைப் பாலிஷ் போட்டுத் திறந்துவிட்டு அதற்குத்தான் நிறம் கூட்ட வேண்டும். டயர் ஷைன், சிலிக்கான் பாலிஷ் போடும் காடியா என்று கேளுங்கள். போட்டால் மீன்கண் குழி விழும், முதலில் கழுவ வேண்டும்.

வேலைத்தாளில் இருக்க வேண்டியது: எந்தெந்த பேனல், பெயர் சொல்லி. நிறக் குறியீட்டு எண். எத்தனை அடுக்கு. கிளியரின் பிராண்டும் விகிதமும். கைப்பிடி, கண்ணாடி, லைட் கழற்றுவதா, டேப் ஒட்டுவதா. நிறமே மாற்றுவதாக இருந்தால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) பதிவையும் மாற்ற வேண்டும் என்று சொல்லுங்கள். காடியைப் பகலில்தான் ஒப்படைக்க வேண்டும், பகலில்தான் எடுக்க வேண்டும். புதுக் கிளியருக்கு ஒரு மாதம் மெழுகு வேண்டாம், முதல் இரண்டு வாரம் பிரஷர் வேண்டாம் என்று எழுதிக் கொடுங்கள். அப்போதுதான் பிறகு கார் வாஷைக் காரணம் காட்ட உங்களுக்கும் உரிமை இருக்கும்.

அந்தச் சிட்டியைத் திருத்தும் செலவு முதல் செலவைத் தாண்டும். என்சி-யின் மேல் நேராக 2கே அடிக்க முடியாது. 2கே-யில் உள்ள தின்னர் கீழே உள்ள என்சி-யைக் கிளப்பிச் சுருக்கிவிடும். அதனால் கதவுகள், மட்கார்டுகள் எல்லாவற்றிலும் என்சி-யைத் துடைத்தும் தேய்த்தும் தொழிற்சாலைச் சாயம் வரை எடுத்து, 2கே பிரைமர் அடித்து, 600 நம்பரில் தேய்த்து, பிறகுதான் மூன்று அடுக்கு. பின்கதவு தகடு வரை. பம்பர் முழுக்க உரித்து முதலிலிருந்து.

பணத்தைத் திரும்பக் கேட்க வழி இருக்கிறது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி சேவை செய்பவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்திருக்க வேண்டும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் பதிவுக் கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, மூன்று ஆண்டுக்குள், வழக்கறிஞர் தேவையில்லை. பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திலும் ஆலோசனை கேட்கலாம். முதலில் அதே பட்டறைக்கு எழுத்தில் ஒரு வாய்ப்பு கொடுங்கள், நாள் குறித்து. அதற்கு முன் வேறு பட்டறையில் சுரண்ட விடாதீர்கள், சுரண்டினால் சாட்சி போய்விடும். ஒவ்வொரு பேனலிலும் கருவி காட்டும் எண் தெரியும்படி பகல் வெளிச்சத்தில் படம், தின்னர் துணியின் படம், தூணில் உள்ள நிறக் குறியீட்டு எண்ணின் படம், வாட்ஸ்அப் பேச்சு முழுவதும். பம்பரில் உரிந்த துண்டுகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள். துண்டின் ஓரத்தைப் பார்த்தாலே வெள்ளையும் கிளியரும் மட்டும் தெரியும், பிரைமர் அடுக்கு இருக்காது.