எடை மேடைச் சேவையும் செலினக்ஸும்: மூன்று வருஷ அனுபவம்

கடலூர் பக்கம் ஒரு முந்திரிக்கொட்டை குடோன். லாரி எடை மேடையில் ஏறியதும் எடையை யூஎஸ்பி கேபிள் வழியாக வாங்கி மரியாடிபி என்ற டேட்டாபேஸில் எழுத, பைத்தானில் ஒரு சின்ன பின்னணிச் சேவை செய்து கொடுத்தேன். சர்வர் அல்மாலினக்ஸ் 9. செலினக்ஸ் என்பது எந்த புரோகிராம் எந்தக் கோப்பைத் தொடலாம் என்று விதி வைத்துத் தடுக்கும் லினக்ஸின் பாதுகாப்பு அடுக்கு. ஒரே ஒரு தடவை கொஞ்ச நேரம் தவிர, அதை அணைக்காமலே மூன்று வருஷமாக ஓட்டுகிறேன்.

அதன் நிலையைக் காட்டும் கெட்என்ஃபோர்ஸ் கட்டளையை அடித்தால் 'என்ஃபோர்சிங்' (விதிகள் அமலில் உள்ளன) என்று வந்தது. நானும் பாதுகாப்பாக இருப்பதாக நினைத்துக்கொண்டேன். ஒரு நாள், ஓடும் புரோகிராம்களைக் காட்டும் பிஎஸ் கட்டளையில் பெரிய இசட் சேர்த்துப் பார்த்தால், என் சேவை 'அன்கன்ஃபைன்ட்_சர்வீஸ்_டி' என்ற டொமைனில், அதாவது செலினக்ஸ் கட்டுப்படுத்தாத வகையில், ஓடுகிறது. மரியாடிபி, அப்பாச்சி போன்றவற்றுக்குப் பாலிசி (விதித் தொகுப்பு) சிஸ்டத்தோடே வந்துவிடும். நாமே எழுதிய சேவைக்கு நாம்தான் எழுத வேண்டும். அதுவரை அதற்குக் கடிவாளமே கிடையாது.

'செபாலிசி ஜெனரேட்' கட்டளை ஒரு மாதிரிப் பாலிசி எழுதிக் கொடுத்தது. அதில் 'பெர்மிசிவ்' என்று ஒரு வரி இருக்கும். சோதிக்கும் வரை எதையும் தடுக்காமல் லாகில் மட்டும் குறித்துவைக்க அந்த வரி. வேலை முடிந்ததும் நாம்தான் அதை எடுக்க வேண்டும். நான் எடுத்தது ஏழு மாதம் கழித்து. அத்தனை நாளும் காவலாளி வாசலில் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாரே தவிர, யாரையும் நிறுத்தவில்லை. கெட்என்ஃபோர்ஸ் இதைக் காட்டாது. 'செமானேஜ் பெர்மிசிவ் -எல்' போட்டால்தான் தெரியும்.

லாகில் வந்த மறுப்புகளை ஆடிட்2அலோ என்ற கருவியில் போட்டால் அவற்றை அனுமதிக்கும் விதிகளைக் கொட்டித் தரும். படிக்காமல் ஏற்றாதீர்கள். 'டிடிஒய்யூஎஸ்பி0'வைப் படிக்க அனுமதி கேட்டது நியாயம், கேபிளே அதுதான். கூடவே 'யூசர்_ஹோம்_டி' கோப்புகளைப் படிக்கவும் ஒரு விதி. செலினக்ஸ் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு லேபிள் ஒட்டும், பயனர்களின் ஹோம் கோப்புகளுக்கு ஒட்டுவது இது. கான்ஃபிக் கோப்பை என் ஹோமிலிருந்து எம்வி கட்டளை போட்டு நகர்த்தியிருந்தேன், பழைய லேபிள் அப்படியே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. இருக்க வேண்டிய லேபிளைத் திரும்ப ஒட்டும் ஒரு ரெஸ்டோர்கானில் முடிகிற விஷயம். அந்த விதியை ஏற்றியிருந்தால், செலினக்ஸைப் பொறுத்தவரை எல்லோருடைய ஹோம் கோப்புகளும் அந்தச் சேவைக்குத் திறந்தவைதான்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கரண்ட் வந்தபோது டிஸ்க் போயிருந்தது. புது டிஸ்கில் பேக்கப்பைப் போட்டேன், மரியாடிபி எழவில்லை. 'பெர்மிஷன் டினைட்' என்று மட்டும் சொல்கிறது, செலினக்ஸ் பெயரையே எடுக்கவில்லை. எனக்கு இதன் மேல் உள்ள பெரிய குறை இதுதான். ஓனர்ஷிப்பையே ஒன்றரை மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

"தம்பி, வாசல்ல ஆறு லாரி நிக்குது. அந்தப் பூட்ட எடுத்துட்டு வேலையப் பாரேன்" என்றார் முதலாளி.

"சரிண்ணே" என்று, செலினக்ஸ் தடுப்பதை நிறுத்தும் செட்என்ஃபோர்ஸ் 0 போட்டேன். உடனே எழுந்தது, காரணமும் தெரிந்துவிட்டது. கோப்புகளெல்லாம் 'அன்லேபிள்ட்_டி', அதாவது சரியான லேபிளே இல்லாதவை. எந்த இடத்துக்கு எந்த லேபிள் என்று பதியும் செமானேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்டில் அந்த டைரக்டரிக்கு, டேட்டாபேஸ் கோப்புகளுக்கான 'மைஎஸ்க்யூஎல்டி_டிபி_டி' என்று எழுதி, ரெஸ்டோர்கான் ஓட்டி, சாப்பிடப் போகும் முன் திரும்ப 1 போட்டேன். இப்போதாக இருந்தால் முழுதாக அணைக்க மாட்டேன், மரியாடிபி ஓடும் டொமைனான 'மைஎஸ்க்யூஎல்டி_டி'யை மட்டும் பெர்மிசிவ் ஆக்குவேன்.