தெருக்கதவு: பழையதைத் தேற்றுவதா, புதிதாகச் செய்வதா, கடையில் வாங்குவதா?

கடலூரில் எங்கள் வீட்டு வாசல் கிழக்குப் பார்த்தது. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை காற்றோடு சேர்ந்து கதவின் முகத்திலேயே அடிக்கும். மழை விட்ட மறுநாள் காலை வெயில் அதே கதவைச் சுடும். தாத்தா காலத்துத் தேக்குக் கதவு இத்தனையையும் தாங்கியது. அடிச்சட்டமும் இரு பக்கச் சட்டங்களின் கால்களும் மட்டும் இற்றுப்போயின. மாடிக் கொட்டகையில் சிறிய பட்டறை வைத்திருப்பதால் மூன்று வழிகளையும் கணக்குப் போட்டுப் பார்க்க முடிந்தது. கடைசியில் பழைய கதவைத்தான் பழுதுபார்த்தேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

உள்ளே கட்டைகளை அடுக்கி, இரு பக்கமும் தட்டையான மரத்தகடு ஒட்டிக் கடையில் விற்கும் ஃப்ளஷ் கதவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மலிவு, நேர்த்தி, உடனே மாட்டிவிடலாம். ஐ.எஸ். 2202 என்ற இந்தியத் தர முத்திரையும் கொதிநீர் தாங்கும் பசையும் உள்ள கதவாகப் பார்த்து வாங்கினால், போர்டிகோவின் நிழலில் நிற்கும் வாசலுக்கு ஒரு குறையும் இல்லை. நனையும் வாசலில்தான் சிக்கல். நிலைக்குப் பொருந்தும்படி அடியில் அரை அங்குலம் அறுத்ததும், உள்ளே அடுக்கியிருக்கும் கட்டைகளின் வெட்டுவாய், அதாவது நார்கள் குறுக்கே அறுபட்ட முனை, திறந்துவிடுகிறது. அங்கே ஊறிய நீர் மேல்தகட்டை உப்ப வைக்கும். ஒருமுறை தகடு பிரிந்த கதவை மறுபடி ஒட்டி நிமிர்த்த என் கைவசம் வழி இல்லை. பிளாஸ்டிக் கலந்த டபிள்யூ.பி.சி. கதவை நான் குளியலறையில் மட்டுமே போட்டிருக்கிறேன்; நேர் வெயிலில் நிற்கும் தெருவாசலுக்கு அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அந்த அனுபவம் போதாது.

புதிதாகச் செய்வது தச்சு ஆர்வம் உள்ள எவரையும் இழுக்கும். எனக்கும் அந்த ஆசை இருந்தது. ஏழடி உயரம், மூன்றரை அடி அகலத்தில், ஒன்றரை அங்குலச் சட்டமும் ஓர் அங்குலப் பலகையுமாக ஒற்றைக் கதவு செய்யச் சேதாரம் சேர்த்துச் சுமார் 3 கன அடி தேக்கு வேண்டும். பணம் ஒருபுறம் இருக்கட்டும், மரத்தின் தரம்தான் என்னைத் தயங்க வைத்தது. இளம் மரத்தில் பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதியான வெள்ளை அதிகம், நடுவில் உள்ள முற்றிய பகுதியான வைரம் குறைவு. தேக்குக்கு உள்ள பெயரெல்லாம் வைரத்தால் வந்தது. வெள்ளையைக் கறையான் மற்ற மரத்தைத் தின்பது போலவே தின்னும். மியான்மர் 2014 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து உருட்டுமர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. 'பர்மா தேக்கு' என்று சொல்லி எதைக் காட்டினாலும் பலகையின் ஓரத்தில் வெளிறிய பட்டை எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஈரம். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது, அகலவாக்கில் அசையும். பச்சையாக இருந்து முற்றிலும் உலரும்போது தேக்கு அகலத்தில் சுமார் 6 சதவீதம் வரை சுருங்கும். மற்ற பல மரங்களைவிட இது குறைவுதான். ஆனாலும் ஈரப்பதம் நான்கு சதவீதம் ஏறி இறங்கினால் ஓரடி அகலப் பலகை இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் விரிந்து சுருங்கும். நன்கு உலராத மரத்தில் கதவு செய்து சித்திரையில் மாட்டினால், கார்த்திகையில் தாழ்ப்பாள் விழாது. உலர்ந்ததா என்று அறிய எளிய வழி, ஒரு துண்டை அறுத்து வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்ப்பது. எடை குறைவது நின்ற பிறகே இழைப்புளியை எடுக்க வேண்டும். அதுவரை வாசலை எதைக் கொண்டு அடைப்பது என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை.

பழைய கதவில் இந்தக் கவலை கிடையாது. பச்சை மரம் உலரும்போது வரும் சுருக்கம் எப்போதோ முடிந்துவிட்டது; பருவத்துக்குப் பருவம் சிறிது அசைவது மட்டும்தான் மிச்சம். அக்காலத் தச்சர்கள் கதவைப் பிரித்துப் பூட்டும்படியே செய்திருந்தார்கள் என்பது இன்னொரு வசதி. எங்கள் கதவின் மூட்டுகளில் பசையே இல்லை. ஒரு சட்டத்தின் துளைக்குள் இன்னொரு சட்டத்தின் செதுக்கிய முனையான கழுந்து இறங்கியிருக்கிறது, குறுக்கே மூங்கில் ஆணி. ஆணிகளைத் துளைத்து எடுத்துவிட்டு, ஒரு மரத்துண்டை அணைத்துவைத்துக் கொட்டாப்புளியால் தட்டினால் சட்டங்கள் கழன்று வருகின்றன. பலகைகளும் காடியில் சும்மாதான் உட்கார்ந்திருந்தன, பசையோ ஆணியோ இல்லாமல். பலகை விரிந்து சுருங்க இடம் விட்டதால்தான் இத்தனை ஆண்டுகளாக ஒன்றுகூட வெடிக்கவில்லை. மறுபடி பூட்டும்போது இந்த இடைவெளியைப் பசையாலும் புட்டியாலும் அடைத்துவிடக் கூடாது.

பழுதை அளக்க ஒரு கோணி ஊசி போதும். குத்தினால் பஞ்சில் இறங்குவதுபோல இறங்கும் இடம் இற்றது. ஊசி மறுத்து நிற்கும் இடத்துக்கு இன்னும் இரண்டு அங்குலம் மேலே போய் அறுக்க வேண்டும். அடிச்சட்டத்தை முழுதாக மாற்றினேன். பக்கச் சட்டங்களின் கால்களுக்குச் சாய்வு ஒட்டு, அதாவது பழைய சட்டத்தையும் புதுத் துண்டையும் சரிவாக அறுத்து முகம் சேர்த்து ஒட்டுவது. பசை பிடிக்கப் பரப்பு வேண்டும் என்பதால் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சாய்வு. 38 மில்லிமீட்டர் கனச் சட்டத்துக்கு ஏறத்தாழ 300 மில்லிமீட்டர். வெளிப்பக்கம் பழைய மரம் கீழே இறங்கியும் உள்பக்கம் புதுத் துண்டு மேலே ஏறியும் நிற்க வேண்டும். ஓடு வேய்வதில் மேலோடு கீழோட்டின்மேல் படிவதும் இதற்காகத்தான். சாய்வைத் திருப்பி அறுத்தால் வழியும் நீர் நேரே ஒட்டுக்குள் போகும். தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு. இரண்டு பொருளைக் கலந்து பூசும் எபாக்ஸி பசையைத் தடவுவதற்குச் சற்று முன்பு ஒட்டும் முகங்களை அசிட்டோனால் துடைக்காவிட்டால் பிடிப்பு நம்பகமாக இராது. நம் வெயிலில் கலந்த எபாக்ஸி சட்டென்று இறுகும் என்பதால் விடிகாலை வேலை இது. திருகாணிகள் பித்தளையாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருக்க வேண்டும். கடற்காற்றில் இரும்பு ஆணி தானும் துருப்பிடித்துச் சுற்றியுள்ள மரத்தையும் கறுப்பாக்கி அரித்துவிடும்.

மூன்று வழிகளையும் எடைபோட்டபோது எனக்கு முடிவைச் சொன்னது விலையோ அழகோ அல்ல. ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் அந்தக் கதவுக்கு நான் என்ன செய்ய முடியும் என்ற கேள்விதான். எந்தக் கதவானாலும் சாவு அடிவிளிம்பிலிருந்துதான் தொடங்குகிறது. வெட்டுவாய் வழியாக மரம் மற்ற முகங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீர் குடிக்கும். ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வேலையைத் தொடங்கிவிடும். இரண்டு பக்கமும் பளபளவென்று பூசிவிட்டு அடிவிளிம்பை வெறுமனே விட்டுப்போகும் பெயிண்டர்கள் பலர். கதவைக் கழற்றாமல் அந்த இடம் கைக்கு எட்டாது, கழற்றும் வேலையை யாரும் கூலியில் சேர்ப்பதும் இல்லை. ஆகவே அடிச்சட்டத்தின் கீழ்முகத்துக்கும் கால்களின் வெட்டுவாய்க்கும் முதலில் எபாக்ஸியை நீர்க்கக் கலந்து ஊறவிட்டேன். வெளிப்பக்கம் கீழே ஒரு சாய்வுப் பட்டை, அதன் அடியில் நீர் சொட்டி விழ ஒரு சிறு காடி. படிக்கும் கதவுக்கும் நடுவே காற்று போக ஒரு விரல் இடைவெளி.

மேல்பூச்சிலும் இதே கணக்குதான். பாலியூரித்தேன் வார்னிஷ் கண்ணைப் பறிக்கும். ஆனால் வெயிலில் அந்தப் படலம் எங்காவது வெடித்தால் நீர் உள்ளே நுழைந்து வெளியேற வழியின்றி நிற்கும். பிறகு முழுக்கச் சுரண்டி எடுத்துத்தான் மறுபடி பூச வேண்டும். கொதித்த ஆளிவிதை எண்ணெய்க்குச் சுரண்டல் இல்லை. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, துணியில் தொட்டுத் தடவினால் முடிந்தது. அதற்கும் குறை உண்டு: ஆண்டுக்கு இரண்டு முறையாவது தடவ வேண்டும், ஈரக்காற்றில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் பூக்கும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிட்டுப் பிறகு எறியுங்கள். பண்ருட்டிப் பக்கம் கிடைக்கும், முந்திரிக் கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெயை மறைவான விளிம்புகளுக்குத் தடவச் சொன்னவர்கள் உண்டு. படகுக் கட்டைக்கே பூசும் பொருள், கெட்டியானதுதான். தோலில் பட்டால் புண்ணாகிவிடும், காயவும் நாளாகும் என்பதால் கையுறை இல்லாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

எல்லாப் பழைய கதவையும் தேற்றிவிடலாம் என்று சொல்ல மாட்டேன். மேல்மூட்டுகளின் கழுந்துகளும் இற்றிருந்தால், அல்லது கறையான் நிலைக்குள்ளும் ஏறியிருந்தால், ஒட்டுப்போடுவது வீண் உழைப்பு. பசையும் ஆணியுமாக அடித்துச் சேர்த்த பிற்காலக் கதவுகளைப் பிரிக்கப் போனால் நல்ல சட்டமும் பிளந்துவிடும். அந்த நிலையில் இருப்பவர்களுக்கு நடுவழி ஒன்று இருக்கிறது: பழைய மரத்தில் புதுக் கதவு. காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த பொருள்கள் விற்கிறார்கள். ஊரிலேயே வீடு இடிக்கும் ஒப்பந்தக்காரர்களிடமும் பழைய உத்தரம், நிலை, கட்டை கிடைக்கும். உலர்த்தும் வேலை மிச்சம். வாங்கிய கட்டையின் நான்கு முகத்திலும் ஒரு காந்தத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு இழைக்கத் தொடங்குங்கள். உள்ளே முறிந்து கிடக்கும் ஓர் ஆணி போதும், இழைப்புளியின் அலகு பல்லிளித்துவிடும்.