மேடையின் முதுகில் ஒரு திரை: ஸ்லைடோ சேவை பற்றிய மதிப்புரை

மாநாடுகளில் பார்வையாளர்களின் கேள்விகளைக் கைப்பேசி வழியாகத் திரட்டித் தரும் ஸ்லைடோ என்ற சேவையை இங்கே ஒரே ஓர் அளவுகோலால் மதிப்பிடப் போகிறேன்: மேடையில் நிற்பவரை அரங்கம் எள்ளி நகையாட இந்தச் சேவை எவ்வளவு இடம் கொடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது? வாக்கெடுப்பு, சொல் மேகம், வினாடி வினா போன்ற மற்ற வசதிகள் குறையின்றி இயங்குகின்றன. அவற்றைப் பற்றி எழுத வேறு பலர் இருக்கிறார்கள்.

ஸ்லைடோவின் அருமை தெரிய வேண்டுமானால், அதற்கு முன் மாநாட்டு மேடைகளில் என்ன இருந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். 2007 மார்ச்சில் டெக்சாஸின் ஆஸ்டின் நகரில் நடந்த சவுத் பை சவுத்வெஸ்ட் என்ற இசை, திரைப்பட, தொழில்நுட்ப மாநாட்டில், தொடங்கி ஏறத்தாழ ஓராண்டே ஆகியிருந்த ட்விட்டர் நிறுவனம், நடைபாதைகளில் பெரிய பிளாஸ்மா திரைகளை வைத்து, வந்திருந்தவர்களின் குறுஞ்செய்திகளை அவற்றில் ஓடவிட்டது. நாளொன்றுக்கு 20,000 ஆக இருந்த ட்வீட்டுகள் அந்த நாட்களில் 60,000 ஆயின. நடைபாதையில் இருந்தவரை அந்தத் திரையால் யாருக்கும் தீங்கில்லை. மறு ஆண்டு அதே மாநாட்டில், அப்போது 23 வயதாகியிருந்த ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பர்க்கைப் பத்திரிகையாளர் சாரா லேசி மேடையில் நேர்கண்டபோது, அவருடைய கேள்விகள் பிடிக்காத கூட்டம் முதலில் ட்விட்டரில் முணுமுணுத்தது. பிறகு முணுமுணுப்பவர்கள் தாம் மட்டுமல்ல என்று தெரிந்துகொண்ட துணிவில் வாய்விட்டே கத்தத் தொடங்கியது. அந்த நேர்காணல் சிறந்த ஒன்று அல்ல என்பதே என் கருத்தும். ஆனாலும் சலிப்படைந்த ஒருவர் எழுந்து வெளியே போவதற்கும், சலிப்படைந்த ஓர் அரங்கம் ஒன்றையொன்று உசுப்பிவிட்டுக்கொண்டு ஒருவர்மீது பாய்வதற்கும் இடையில் பெரிய தூரம் இருக்கிறது. அந்தத் தூரத்தைக் கைப்பேசி சில நிமிடங்களில் கடக்க வைத்துவிட்டது.

திரை மேடைக்கே ஏறியபோது என்ன நேர்ந்தது என்பதற்கு 2009 நவம்பரில் நியூயார்க்கில் நடந்த வெப் 2.0 எக்ஸ்போ என்ற இணையத் தொழில்நுட்ப மாநாட்டைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் டானா பாய்ட், சமூக ஊடகங்களில் தகவல் எப்படிப் பாய்கிறது, மனிதக் கவனம் எவ்வளவு அரிதானது என்பதைப் பற்றிப் பேச வந்திருந்தார். அவருக்குப் பின்னால் இருந்த பெருந்திரையில் பார்வையாளர்களின் ட்வீட்டுகள் ஓடின. எதிரே கண்ணைக் கூசவைக்கும் விளக்குகள் இருந்ததால் அவருக்குக் கூட்டத்தின் முகங்களும் தெரியவில்லை, முதுகுப்புறத் திரையும் தெரியவில்லை. பதற்றத்தில் அவர் வேகமாகப் பேசினார். வேகமாகப் பேசுகிறார் என்று திரையில் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தக் குறிப்பு அவர் கண்ணில் பட்டிருந்தால் அதைவிடப் பயனுள்ள யோசனை அன்று அவருக்குக் கிடைத்திருக்காது. ஆனால் அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும்தான் அது தெரிந்தது. தாம் சிரிப்பதற்காக ஏதும் சொல்லாத இடங்களில் எழுந்த சிரிப்பு மட்டும் அவருக்குக் கேட்டது. கேட்கக் கேட்க அவர் இன்னும் தடுமாறினார், திரையில் கேலி இன்னும் ஏறியது, அது அவருடைய உருவத்தைப் பற்றிய பேச்சு வரைக்கும் போனது. பின்னாளில் அவரே இந்த அனுபவத்தை விரிவாக எழுதி வெளியிட்டார். அன்று அந்த அரங்கில் இருந்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பின்னாலிருந்து ஒருவரைச் சுட்டிச் சிரிக்க வசதியாக அந்த மேடை அமைந்திருந்தது.

இந்தப் பின்னணியில்தான் ஸ்லைடோவைப் பார்க்கிறேன். ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா நகரில் 2012ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டு, 2021இல் சிஸ்கோ நிறுவனத்தின் கைக்குப் போன இந்தச் சேவையைப் பயன்படுத்தக் கணக்குத் தொடங்கவோ செயலியை இறக்கவோ வேண்டியதில்லை. திரையில் காட்டப்படும் கியூஆர் குறியீட்டைக் கைப்பேசியால் படித்தாலோ அந்த நிகழ்ச்சிக்குரிய எண்ணைத் தட்டினாலோ போதும். கேள்வியைப் பெயருடனோ பெயரின்றியோ எழுதலாம், பிறர் கேட்டவற்றுக்கு வாக்களிக்கலாம், அதிக வாக்கு பெற்றவை மேலே ஏறும். ட்விட்டர் திரையோடு ஒப்பிட்டால் இதில் இரண்டு முன்னேற்றங்கள் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. முதலாவது, முன்சரிபார்ப்பை இயக்கினால் பொறுப்பான ஒருவர் படித்து அனுமதித்த கேள்வி மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும். இரண்டாவது, எழுதும் பெட்டி கேள்வி கேட்கத்தான் அழைக்கிறது. கேள்வியாக எழுத முனையும்போதே ஏளனத்தில் பாதி உதிர்ந்துவிடுகிறது. பேசுபவரின் சட்டையைப் பற்றி ஒரு வரி எழுதிவிடலாம், அதைக் கேள்வியாக்குவது சற்றுச் சிரமம்.

குறைகளும் இருக்கின்றன. வாக்கு முறையில் ஆழமான கேள்வியை நகைச்சுவை எளிதாக வென்றுவிடும். நான் ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவனாக இருந்த ஒரு சிறிய மாநாட்டில், தரவுத்தளங்களைப் பற்றி ஒருவர் உழைத்துத் தயாரித்துவந்து பேசிக்கொண்டிருக்கையில், "சாப்பாடு எப்போது?" என்பது எல்லாக் கேள்விகளையும் முந்திக்கொண்டு திரையின் உச்சியில் நின்றது. முன்சரிபார்ப்பை இயக்க மறந்தது எங்கள் தவறு. பேச்சாளரும் சிரித்துச் சமாளித்தார். ஆனால் அடுத்த பத்து நிமிடங்கள் அவர் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். எதிர்வாக்கு அளிக்கும் வசதியும் விருப்பத் தேர்வாக உண்டு. அது எதற்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. தயங்கித் தயங்கி முதல் கேள்வியை எழுதிய ஒரு மாணவிக்கு, அரங்கில் எத்தனை பேர் தன்னைப் பிடிக்காமல் கை கவிழ்த்தார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டுவதால் யாருக்கு என்ன லாபம்?

பெயரின்மையை நீக்கிவிடலாமே என்று கேட்பவர்களோடு நான் உடன்படவில்லை. 2002இல் தொழில்நுட்ப எழுத்தாளர் எஸ்தர் டைசன் நடத்திய பீசி ஃபோரம் என்ற கணினித் துறை மாநாட்டில், குவெஸ்ட் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் தலைவர் ஜோ நாச்சியோ மூலதனம் திரட்டுவது எவ்வளவு கடினமாகிவிட்டது என்று மேடையில் புலம்பிக்கொண்டிருந்தார். அரங்கில் அமர்ந்தபடி வலைப்பதிவில் உடனுக்குடன் எழுதிக்கொண்டிருந்த பத்திரிகையாளர் டான் கில்மோருக்கு, அதை வெளியூரிலிருந்து படித்த ஒரு வழக்கறிஞர், நாச்சியோ தம் நிறுவனப் பங்குகளைப் பெருந்தொகைக்கு விற்றிருந்த விவரத்தை அனுப்பினார். அது பதிவில் ஏறியது, மடிக்கணினிகளில் படித்தவர்களின் மனநிலை மாறியது, அரங்கம் நாச்சியோவுக்கு எதிராகத் திரும்பியது. 2007இல் நீதிமன்றம் நாச்சியோவை, வெளியாகாத நிறுவனத் தகவலை வைத்துப் பங்கு விற்கும் உள்தகவல் பங்கு வணிகக் குற்றத்தில் 19 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்த்தது. மேடைக்குத் தெரியாமல் அரங்கம் பேசிக்கொள்வது எப்போதும் வம்பு அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன். தம் முதலாளியைப் பற்றியோ மாநாட்டுக்குப் பணம் கொடுத்த நிறுவனத்தைப் பற்றியோ சங்கடமான கேள்வி கேட்க விரும்பும் ஊழியருக்குப் பெயரின்மை ஒன்றுதான் கேடயம். ஆகவே பெயர் மறைந்திருக்கட்டும், கேள்வியை அனுமதிப்பவர் மட்டும் அந்த நிறுவனத்தின் ஆளாக இல்லாதிருக்கட்டும். ஸ்லைடோவின் எந்த அமைப்புப் பக்கத்திலும் இதற்கு ஒரு பொத்தான் இருக்க முடியாது.

அரங்கின் வாசலைத் தாண்டியவுடன் இந்தச் சேவையின் கை நீளாது என்பதையும் வாங்குபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் நடந்த, பைதான் நிரல்மொழியாளர்களின் பைகான் மாநாட்டில், பின்னால் அமர்ந்திருந்த இருவர் தமக்குள் சொல்லிக்கொண்ட இரட்டை அர்த்த நகைச்சுவையால் மனம் நொந்த ஒரு பெண், அவர்களைப் படமெடுத்து ட்விட்டரில் இட்டார். அமைப்பாளர்கள் அவர்களைத் தனியே அழைத்துப் பேசினார்கள். ஆனால் வெளியே கூட்டம் கூடிவிட்டிருந்தது: இருவரில் ஒருவர் வேலையிழந்தார், உடனே சீற்றம் அந்தப் பெண்மீது திரும்பி மிரட்டல்களாகக் கொட்டியது, அவர் பணிபுரிந்த நிறுவனத்தின் இணையச் சேவைமீது தாக்குதல் நடந்தது, அந்த நிறுவனம் அவரையும் நீக்கியது. மாநாட்டுக்குப் போகாதவர்கள், அந்த மேடையில் யார் பேசினார் என்றுகூட அறியாதவர்கள் நடத்திய தாக்குதல் இது. கேள்விச் சேவை வாங்கிவிட்டதால் நடத்தை விதிகளும், புகாரைக் காதுகொடுத்துக் கேட்க அரங்கில் ஓர் ஆளும் தேவையில்லை என்று எந்த அமைப்பாளராவது எண்ணினால், அவர் தவறான பொருளை வாங்கியிருக்கிறார்.

இத்தனை நிபந்தனைகளுடன் ஸ்லைடோவை வாங்கலாம் என்றே பரிந்துரைக்கிறேன். ஐந்துக்கு நான்கு தருவேன். முன்சரிபார்ப்பை இயக்கி, எதிர்வாக்கை அணைத்துவிடுங்கள். பேச்சு நடக்கும்போது மேடைத் திரையில் கேள்விப் பட்டியலைக் காட்ட வேண்டாம். பேச்சு முடிந்தபின், எடுத்துக்கொண்ட ஒரு கேள்வியை மட்டும் பெரிதாக்கிக் காட்டுங்கள். பேச்சாளரின் காலடியில், அவர் கண்ணுக்கு எதிரே, அரங்கம் பார்ப்பதையே காட்டும் ஒரு சிறு திரையை வையுங்கள். அதற்கு ஆகும் கூடுதல் செலவு ஒரு தொலைக்காட்சிப் பெட்டியும் ஒரு நீண்ட கம்பியும்தான்.