கண்வில்லையா, கண்மாயா?

சமூகச் சிக்கல்களுக்குத் தீர்வு வடிவமைப்பதையே தொழிலாக்க நினைக்கும் இளைஞருக்கு மதுரையிலேயே இரண்டு பாதைகள் உண்டு.

ஒன்று, பொருள் வழி. 1976இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்கு, கண்புரை அறுவையில் கண்ணுக்குள் பொருத்தும் இறக்குமதி வில்லைகளின் விலை பெரும் தடையாக இருந்தது. 1992இல் அரவிந்த் தொடங்கிய ஆரோலேப் நிறுவனம் அவற்றை மதுரையிலேயே தயாரித்து, விலையைப் பல மடங்கு குறைத்தது. இங்கே பொறியியலும் தரக்கட்டுப்பாடும் தெரிய வேண்டும்.

மற்றது, மனிதர் வழி. தானம் அறக்கட்டளையின் வயலகம் திட்டம் கண்மாய் (ஏரி) பாசன விவசாயிகளைச் சங்கமாகத் திரட்டுகிறது. கரையை உயர்த்துவது எளிது. மடையை யார், எப்போது திறப்பது, வரத்துக்கால்வாய் ஆக்கிரமிப்பை யார் தட்டிக் கேட்பது, கடைமடைக்காரருக்கு எவ்வளவு தண்ணீர் என்று ஊரையே முடிவெடுக்க வைப்பதுதான் உண்மையான வடிவமைப்பு. மரத்தடியில் உட்கார்ந்து சாதிக் கணக்கையும் பங்காளிச் சண்டையையும் காதில் வாங்கும் பொறுமை வேண்டும் (எந்தப் பட்டப்படிப்பும் இதைச் சொல்லித் தருவதில்லை). வில்லையைப் போல் அச்சு வார்த்து அடுத்த ஊருக்கு அனுப்பவும் முடியாது.

மென்பொருள் நிறுவனச் சம்பளத்தை இரண்டிலும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் சாய்வு கண்மாய்ப் பக்கமே. ஆனால், பேச்சைவிடக் கருவிகளோடு பழகுவது பிடித்தவர் தயங்காமல் வில்லைப் பக்கம் போகலாம்.