ஒரே மருந்து, நான்கு ரைஃபிள்: எந்த டப்பாவை எடுப்பது?

அமெரிக்காவில் வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்களின் அலமாரியைத் திறந்தால் ஏழெட்டு வெடிமருந்து டப்பா இருக்கும், எல்லாம் பாதி பாதியாக. ஒன்றே ஒன்றுதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் எதை வைப்பது? 223 ரெமிங்டன், 308 வின்செஸ்டர், 30-06, 6.5 கிரீட்மூர் ஆகிய நான்கு தோட்டா வகைகளையும் வைத்துப் பார்ப்போம்.

மருந்துகளுக்குள் முக்கிய வித்தியாசம் எரியும் வேகம். தென்னோலை குப்பென்று எரிந்து அடங்கும். புளியங்கட்டை நின்று எரியும். மருந்து நிரப்பும் தோட்டாக் கூடு சின்னதென்றால் வேகமானது, பெரிய கூட்டில் கனமான குண்டு வைத்தால் நிதானமானது. ஒரே மருந்து நான்குக்கும் வேண்டுமென்றால் நடுவில்தான் தேட வேண்டும்.

பலரும் முதலில் சொல்வது வார்கெட். ஆஸ்திரேலியாவின் முல்வாலாவில் தயாராகி அமெரிக்காவின் ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் பெயரில் வருகிறது. வெயிலோ பனியோ, குண்டின் வேகம் அதிகம் மாறாது. 308-க்கு அருமை, 223-இல் கனமான குண்டுகளுக்கும் நல்லது. ஆனால் இந்தப் பெயருக்கு ஒரு மோகமே உண்டு. தட்டுப்பாடு வந்தால் முதலில் காணாமல் போவதும் இதுதான்.

ஐஎம்ஆர் 4064 எரியும் வேகத்தில் இதற்குப் பக்கத்து வீடு. துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. குச்சி குச்சியான நீளத் துணுக்குகள்தான் தொல்லை: அளவுக் கருவியில் சிக்கி வெட்டுப்படும். ஒவ்வொன்றையும் தராசில் நிறுக்கப் பொறுமை இருந்தால் சரி.

ஹெச்4350-தான் 6.5 கிரீட்மூருக்கு ராஜா. 30-06-இல் 180 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அலகு) குண்டுக்கும் பிரமாதம். 308-இல் கூடு நிரம்பிவிடும், வேகம் வராது. 223-க்கு ஆகவே ஆகாது. 30-06 சுடும் பழைய ராணுவ ரைஃபிளான எம்1 கேரண்டில் இவ்வளவு மெதுவான மருந்து போட்டால் வாயுத் துளையில் அழுத்தம் எகிறி, அந்த வாயுவால் தள்ளப்பட்டு ரைஃபிளை இயக்கும் தண்டான ஆபரேட்டிங் ராடு வளையலாம்.

என் ஓட்டு ஹெச்4895-க்கு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சிய ராணுவ 4895-ஐ வாங்கி விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜ்டன் கான்ஸஸில் தொழிலையே தொடங்கினார்; கேரண்டின் தோட்டாவில் இருந்ததும் அந்த 4895 வகைதான். இன்றைய ஹெச்4895, வார்கெட்டைவிடக் கொஞ்சம் வேகமாக எரியும். துணுக்குகள் சிறியவை, அளவியில் சிக்காமல் இறங்கும். வெயிலுக்கும் அசராது. 223, 308, 30-06 மூன்றிலும் நிம்மதி. 30-30, 45-70 என்ற தோட்டா வகைகள் பின்னால் வந்து சேர்ந்தாலும் சமாளிக்கும்.

இன்னொரு வசதி மற்ற மூன்றிடமும் இல்லை. இந்த மருந்துக்குப் பட்டியலில் உள்ள உச்ச அளவை, அதன் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல், குறைத்துக்கொள்ளலாம் என்று ஹாட்ஜ்டனே சொல்கிறது. முதன்முதலாகச் சுடப் பழகும் பிள்ளைக்கு 308-இன் உதை பாதியாகக் குறையும். மெதுவான மருந்தில் இந்த விளையாட்டு கூடாது, அது ஆபத்து.

கிரீட்மூரில் 140 கிரெய்ன் குண்டு போட்டால் ஹெச்4350-ஐவிட வேகம் குறையும், அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். நீங்கள் அதிகம் சுடுவதே கிரீட்மூர் என்றால் என் பேச்சைக் கேட்காதீர்கள், ஹெச்4350-ஐயே வாங்குங்கள்.

அப்புறம், ஐஎம்ஆர் 4895 வேறு, ஹெச்4895 வேறு. எண் ஒன்றுதானே என்று ஒன்றின் அளவை மற்றதற்குப் போடாதீர்கள். கையேட்டைத் திறந்து, டப்பாவின் மேலுள்ள முழுப் பெயரைப் பார்த்து, கீழ் அளவிலிருந்து தொடங்குங்கள்.