பக்கவாதம் வந்த வீட்டைத் தேடி வரும் மூச்சுக் கருவி வியாபாரி

வீட்டில் ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, மிரண்டுபோய் இருப்பவர்கள், தூக்கத்தில் தொண்டை அடைபடாமல் முகக்கவசம் வழியே காற்றை அழுத்தி அனுப்பும் சிபேப் என்னும் மூச்சுக் கருவிக்குப் பணம் எடுத்துவைப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எங்களுக்குப் போனது எண்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். அதைவிட வயிற்றெரிச்சல், மூன்று மாதம் வீணாகப் போனது.

அப்பா அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தோரு வருடம் ஓட்டுநராக இருந்தவர். அவருடைய குறட்டை பணிமனையில் பெயர் பெற்றது. இரவு தங்கும் ஊர்களில் நடத்துநர்கள் அவரோடு ஒரே அறையில் படுக்க மாட்டார்கள். கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு பஸ்ஸுக்குள்ளேயே சீட்டில் படுத்துக்கொள்வார்கள். அம்மா அதற்கு வைத்த பெயர் 'ரைஸ் மில்'. ஓடிக்கொண்டே இருக்கும் மில் நடுவில் சட்டென்று நின்றுவிடும். பத்து விநாடி, இருபது விநாடி ஓசையே இருக்காது. பிறகு குளத்தில் முங்கி எழுந்தவர் போல ஒரு பெரிய இழுப்பு. மில் நிற்கும் அந்த இடைவெளியில்தான் அம்மா நிம்மதியாகக் கண்ணயர்வார். அந்த அமைதிதான் நோய் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

2024 பொங்கல் முடிந்த வாரம். காலை ஐந்தரைக்கு எழுந்து வந்த அப்பாவிடம் அம்மா காபி டம்ளரைக் கொடுத்தார். வாயின் வலது ஓரத்தில் காபி ஒழுகிச் சட்டையில் விழுந்தது. அப்பாவுக்கு அது தெரியவே இல்லை. ஏதோ சொன்னார், சொல் குழறியது. 108 ஆம்புலன்ஸ் சீக்கிரமாகத்தான் வந்தது. ஆனால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போட நாலரை மணி நேரம்தான் கணக்கு. தூக்கத்தில் வந்த பக்கவாதம் எத்தனை மணிக்கு வந்தது என்று யாருக்குத் தெரியும்? கடைசியாக அவர் நன்றாக இருந்ததைப் பார்த்தது இரவு பத்து மணிக்கு. ஊசி போட முடியாமல் போயிற்று. வலது கையில் இன்றும் பாதி பலம்தான்.

நரம்பியல் மருத்துவரின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்தான் எங்களிடம் முதன்முதலாகக் கேட்டார்: "குறட்டை விடுவாரா? நடுவில் மூச்சு நிற்குமா?" அம்மா ரைஸ் மில் கதையைச் சொன்னதும் அப்பாவின் கழுத்தை நாடாவால் அளந்தார். 43 சென்டிமீட்டர். நாற்பதைத் தாண்டினாலே சந்தேகப்பட வேண்டுமாம். மூன்று மாத்திரை போட்டும் ரத்த அழுத்தம் அடங்காமல் இருந்ததற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார். தூங்கும்போது தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடுகிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி எழுப்புகிறது. அந்தப் பதற்றத்தில் ரத்த அழுத்தம் தாவுகிறது. இரவில் இறங்கி ஓய்வெடுக்க வேண்டிய அழுத்தம் இரவெல்லாம் ஏறி இறங்கினால் ரத்தக்குழாய் என்னாவது? இதயத் துடிப்பு தாளம் தப்பும் வாய்ப்பும் கூடுகிறது. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்தது. இந்த மூச்சுத்தடை உள்ளவர்களுக்குப் பக்கவாதமோ மரணமோ நேரும் அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டது. பக்கவாதம் வந்தவர்களைச் சோதித்தால் பாதிப் பேருக்கு மேல் இது இருக்கிறது என்பதையும் அவர்தான் சொன்னார். தூக்கப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். ஆய்வகத்தில் ஐந்து வாரம் காத்திருக்க வேண்டும் என்றார்கள்.

இனி நடந்தது எங்கள் புத்தி.

மருந்துச் சீட்டோடு வராந்தாவில் நின்றபோது ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. மருத்துவமனை ஊழியர் என்றே நினைத்தேன். இல்லை என்று அவரும் சொல்லவில்லை. "ஐந்து வாரமா? அதற்குள் இன்னொரு அட்டாக் வந்தால் என்ன செய்வீர்கள், அக்கா? நாளைக்கு ராத்திரியே வீட்டுக்கு வந்து டெஸ்ட் எடுத்துவிடுகிறேன்" என்றார். அந்த 'இன்னொரு அட்டாக்' போதுமாக இருந்தது. அவருடைய விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் இரவு பதினோரு மணிக்கு வந்தார். அப்பாவின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார். கொரோனா காலத்தில் எல்லோர் வீட்டிலும் வாங்கி வைத்தோமே, அதே ஆக்சிமீட்டர் வகைதான், கொஞ்சம் பெரியது. காலையில் கழற்றிக்கொண்டு போனார். 6,500 ரூபாய். மாலையில் வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் வந்தது: ஒரு மணி நேரத்தில் மூச்சு நிற்பதும் குறைவதும் 42 தடவை, 'மிகக் கடுமை' என்று சிவப்பு எழுத்தில். முப்பதைத் தாண்டினால் கடுமைதான், அது சரி. அடியில் ஒரு கோணல் கையெழுத்து. மருத்துவரின் பெயரும் இல்லை, பதிவு எண்ணும் இல்லை.

அதே ரிப்போர்ட்டில் 'கனவுத் தூக்கம் 22 சதவீதம்' என்று ஒரு வரி இருந்தது. நான் அதைப் படித்துப் பெருமைப்பட்டேன், எவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று! மூன்று மாதம் கழித்துச் சரியான ஆய்வகத்தில் அதைக் காட்டியபோது அங்கிருந்த டெக்னீஷியன் பெண் சிரித்துவிட்டார். "தலையில் ஒரு வயர்கூட ஒட்டாமல் கனவை எப்படி அளந்தார்கள்?" அவர் அப்பாவுக்கு ஒட்டியவற்றை நான் எண்ணிப் பார்த்தேன். தலையில், கண்ணோரத்தில், தாடையில், காலில் வயர்கள், மூக்கில் குழாய், மார்பிலும் வயிற்றிலும் பட்டை, இவற்றோடு விரலில் கிளிப். அந்த மனிதர் கொண்டுவந்தது இத்தனையில் கடைசி ஒன்றை மட்டும். வீட்டிலேயே எடுக்கும் முறையான பரிசோதனையும் உண்டு. அதிலும் வழக்கமாக மூக்குக் குழாயும் மார்புப் பட்டையும் இருக்கும். வெறும் கிளிப் ஆக்சிஜன் எத்தனை தடவை இறங்கியது என்று காட்டும், அவ்வளவுதான். ஏன் இறங்கியது என்று சொல்லாது. தொண்டை அடைத்ததா, மூளையே மூச்சுவிடக் கட்டளை அனுப்பவில்லையா? பக்கவாதம் வந்தவர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் இரண்டாவது வகையும் வரும். மார்பும் வயிறும் அசைகின்றனவா என்று பார்த்தால்தான் இது தெரியும்.

அவரே விற்ற சிபேப் கருவி 74,000 ரூபாய், ரொக்கமாக. பில் கேட்டதற்கு 'எஸ்டிமேட்' என்று அச்சிட்ட துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். "பில் போட்டால் உங்களுக்குத்தான் வரி கூடும், அக்கா." என் நன்மைக்காக! நானும் தலையாட்டினேன். வங்கியில் பதினான்கு வருடம் வேலை பார்ப்பவள் நான், இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. "இதைப் போட்டுக்கொண்டால் இனிமேல் ஸ்ட்ரோக்கே வராது, நான் கேரண்டி" என்றார்.

முதல் ராத்திரி அப்பா முகக்கவசத்தை மாட்டி, கருவியைப் போட்டதும் இரண்டே நிமிடத்தில் கழற்றினார். "என்னம்மா இது, சாம்பிராணி வாசனை வருகிறதே." நான் முகத்தருகே வைத்துப் பார்த்தேன். உண்மைதான். யார் வீட்டிலோ வெள்ளிக்கிழமைதோறும் போட்ட சாம்பிராணி. காற்று உள்ளே போகும் இடத்து வடிகட்டி சாம்பல் நிறத்தில் இருந்தது. தண்ணீர்த் தொட்டியின் அடியில் உப்புத்தண்ணீர் காய்ந்த வெள்ளைப் படலம், நகத்தால் சுரண்டினால் உதிர்ந்தது. போன் செய்தேன். "கம்பெனி பேக்கிங் வாசனை அக்கா, ஒரு வாரத்தில் போய்விடும்."

முகக்கவசம் அளவில் பெரியது. வாய் கொஞ்சம் கோணியிருந்ததால் வலது பக்கமாகக் காற்று கசிந்து கண்ணில் அடித்தது. காலையில் கண் சிவந்திருக்கும். அழுத்தம் அதிகம், வயிறு ஊதிக்கொள்ளும். நல்ல இரவில் இரண்டு மணி நேரம் தாங்குவார். பகலில் பேப்பர் படித்துக்கொண்டே தூங்கி விழுவது குறையவில்லை. விற்றவரிடம் இதைச் சொன்னபோது அவர் வைத்தியத்தை மாற்றினார்: "அப்பாவுக்கு இது பத்தாது. ஏஎஸ்வி என்று ஒரு மெஷின், மூச்சுக்கு மூச்சு அழுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளும், ஒன்றரை லட்சம். பழையதை எடுத்துக்கொண்டு இருபதாயிரம் கழித்துவிடுகிறேன்." ஒரு மாதத்துக்கு முன் எழுபத்துநாலாயிரத்துக்குக் கொடுத்த 'புது' மெஷின்!

பணம் புரளாததால் தப்பித்தோம். பின்னால் தூக்க மருத்துவரிடம் இதைச் சொன்னபோது அவர் முதலில் கேட்டது, "எக்கோ பார்த்தார்களா?" எங்கே பார்த்தார்கள்? அந்த இதய ஸ்கேனை எடுத்துப் பார்த்ததில் இதயம் ரத்தத்தை வெளியேற்றும் திறன் நாற்பது சதவீதம். நாற்பத்தைந்துக்குக் கீழே உள்ள இதயநோயாளிகளில், மூளை கட்டளை அனுப்பாத வகை மூச்சுத்தடை மிகுந்தவர்களுக்கு அந்த ஏஎஸ்வி கருவியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015-இல் வெளியானது. கருவி வைத்தவர்களில்தான் இதயநோய் மரணங்கள் கூடின. அப்பாவுக்கு இருப்பது பெரும்பாலும் தொண்டை அடைக்கும் வகை என்று மே மாதப் பரிசோதனையில் தெரிந்தது. ஆனால் விற்க வந்தவருக்கு அது தெரியாதே. தெரிந்துகொள்ளும் கருவியே அவரிடம் இல்லையே.

மே மாதம் அதே ஆய்வகத்தில் கருவியையும் கொண்டுபோய்க் காட்டினேன். டெக்னீஷியன் இரண்டு பொத்தான்களைச் சேர்த்து அழுத்தினார், வேறொரு பட்டியல் திறந்தது. ஓடிய நேரம்: 6,340 மணி. நாங்கள் ஓட்டியது நூறு மணி நேரம்கூட இருக்காது. ஓர் இரவுக்கு ஏழு மணி என்று வைத்தாலும் ஏறக்குறைய இரண்டரை வருடம் வேறொருவர் இதில் மூச்சு விட்டிருக்கிறார். நினைவக அட்டையைக் கணினியில் போட்டபோது அவருடைய இரவுகள் வரிசையாக வந்தன, பெயர் இல்லாமல். கடைசி இரவு இரண்டு மணி பத்து நிமிடம். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பின்பக்கத்து வரிசை எண் ஸ்டிக்கர் சுரண்டப்பட்டு, மேலே 'வாரண்டி 2 வருடம்' என்று இன்னொன்று ஒட்டியிருந்தது.

இப்போது அப்பாவிடம் இருப்பது முறையான பில்லோடு வாங்கிய வேறு கருவி, அவர் முகத்துக்கு அளவெடுத்த மாஸ்க், ஓர் இரவு ஆய்வகத்தில் படுக்கவைத்துச் சரிபார்த்த அழுத்தம். ஐந்து மணி நேரம் போட்டுக்கொள்கிறார். இனிப் பக்கவாதம் வராதா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். அவர் கேரண்டி கொடுக்கவில்லை. 2016-இல் 2,700 பேருக்கு மேல் வைத்து நடந்த பெரிய ஆய்வில் இந்தக் கருவி மாரடைப்பையும் பக்கவாதத்தையும் குறைத்ததாக நிரூபணமாகவில்லை என்றார். அவர்கள் சராசரியாக ஓர் இரவுக்கு மூன்றேகால் மணி நேரம்தான் போட்டிருந்தார்கள். அப்பாவைப் போலப் பகலில் விழுந்து விழுந்து தூங்குபவர்களை அதில் சேர்க்கவும் இல்லை. ஆனால் அந்த ஆய்வில் கருவி போட்டவர்களுக்குப் பகல் தூக்கமும் மனச்சோர்வும் குறைந்தன. "பிரஷர் மாத்திரையை விடாதீர்கள், இதையும் விடாதீர்கள்" என்றார். நேர்மையான பதில் காதுக்கு அவ்வளவு இனிமையாக இருப்பதில்லை.

விற்றவர் மார்ச் முதல் போனை எடுக்கவில்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாக வேண்டும். பில் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். எஸ்டிமேட் துண்டு, வாட்ஸ்அப் ரிப்போர்ட், 'கேரண்டி' என்று அவர் அனுப்பிய குரல் பதிவு, 6,340 தெரியும் திரையின் படம் எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பதையும் அழித்துவிடாதீர்கள்.

நோட்டீஸ் போன மறுநாள் அவரே கூப்பிட்டார். "அக்கா, முப்பதாயிரம் தந்துவிடுகிறேன், மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்." மெஷினைக் கேட்கிறார்! அடுத்து யார் வீட்டுக்குப் போகும் என்று கேட்டேன், போனை வைத்துவிட்டார். அது பீரோவின் மேல்தட்டில் பையோடு இருக்கிறது. ஜிப்பைத் திறந்தால் இன்னும் சாம்பிராணி வாசனை வருகிறது.