டின்டட் சார்கோல் என்று சொல்லி மெழுகு பென்சிலைத் தருகிறார்கள் - வேலூர்க்காரர்கள் கவனிக்கவும்

வீட்டில் படம் வரைகிற பிள்ளை இருந்தால் இதை முழுசாகப் படியுங்கள். வேலூர் டவுனில் ஒரு கடையில் டின்டட் சார்கோல் பென்சில், அதாவது நிறம் கலந்த கரிப் பென்சில் என்று சொல்லி என் தலையில் கட்டிய ஐந்து பெட்டியிலும், கறுப்பு ஒன்றைத் தவிர, இருந்தது சாதாரண கலர் பென்சில். மொத்தம் 4,250 ரூபாய். அது என் பணமும் இல்லை. என்னை நம்பி ஐந்து வீட்டில் கொடுத்தனுப்பிய பணம். அதனால்தான் வயிறு எரிகிறது.

நான் சத்துவாச்சாரியில் வீட்டு மாடியில் சனி, ஞாயிறு டிராயிங் கிளாஸ் எடுக்கிறேன். கொஞ்சம் கை தேறிய பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு முறை கோட்டைக்கு அழைத்துப் போவேன். அகழிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து மதிலைப் பார்த்து வரைவோம். கோட்டைக் கல்லை வெறும் கறுப்பிலும் சாம்பலிலும் முடித்துவிட முடியாது. காலை வெயில் படும்போது கருங்கல்லில் ஒரு மங்கின ஊதா தெரியும். தண்ணீரை ஒட்டின வரிசையில் பாசிப்பச்சை. மழைநீர் வழிந்த தடத்தில் துருப்பிடித்த மாதிரி ஒரு பழுப்பு. கலர் பென்சிலில் போட்டால் இதெல்லாம் பளிச்சென்று பொம்மைக் கோட்டையாகிவிடும்.

டின்டட் சார்கோல் இதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். கரித்தூளோடு கொஞ்சமாக நிறம் கலந்து செய்வது. கோடு போட்டால் முதலில் கரிதான் தெரியும், விரலால் தேய்த்தால் உள்ளே இருக்கிற நிறம் மெல்ல எழும்பி வரும். இங்கிலாந்தின் டெர்வென்ட் கம்பெனி இதில் 24 நிறம் போடுகிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் கொடுத்து இரண்டு மூன்று குச்சி வைத்திருந்தேன். அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்ததிலிருந்து, "மிஸ், எங்களுக்கும் வாங்கித் தாங்க மிஸ்" என்று ஒரே நச்சரிப்பு.

கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு பென்சிலை எடுத்து என் எதிரிலேயே ஒரு பேப்பரில் கிறுக்கி, கட்டைவிரலால் இழுத்துக் காட்டினார். நல்ல ஊதா, புகை மாதிரி பரவியது. விரலிலும் கரி ஒட்டியது. அசல் சரக்கு, சந்தேகமே இல்லை. "இம்போர்ட்டட் மேடம். வெளியே 12 கலர் 1,600 ரூபாய்க்குக் குறைஞ்சு வராது. கிளாஸ் பசங்களுக்குன்னு கேக்கறீங்க, 850 போட்டுக்கலாம்" என்றார். பிளாஸ்டிக் சுற்றி சீல் போட்ட ஐந்து தகரப் பெட்டியை எடுத்து வைத்தார். ஒன்றைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "சீல் பிரிச்சா அப்புறம் யார் வாங்குவாங்க மேடம்? அதான் கையிலேயே போட்டுக் காட்டினேனே" என்றார். நியாயம்தானே என்று நினைத்துவிட்டேன். கவுண்ட்டரில் நான் பார்த்த பென்சில் வேறு, பெட்டிக்குள் இருந்தது வேறு என்று அப்போது தோன்றவே இல்லை.

பில் கேட்டதற்கு எஸ்டிமேட் சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்தார். கடை பெயர் இல்லை, பொருளின் பெயர் இல்லை, "5 x 850" மட்டும். ஜிபேயில் அனுப்பப் போனால், கடையில் ஒட்டியிருக்கிற ஸ்கேனர் வேண்டாம் என்று வேறொரு நம்பர் சொன்னார். அப்போதே நான் திரும்பியிருக்க வேண்டும்.

பொங்கல் லீவுக்கு அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கெல்லாம் கோட்டையில் இருந்தோம். எட்டாவது படிக்கிற ஒரு பெண், ஐந்து பேரில் அவள்தான் நின்று நிதானித்து வரைவாள். மதிலின் வளைவைச் சரியாகப் பிடித்து, கல் வரிசைக்கு முதலில் பழுப்பும் ஊதாவும் அடியில் போட்டாள். பிறகு விரலால் தேய்த்தாள். ஒன்றும் அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தாள், பேப்பர்தான் நூல் நூலாக எழும்பியது. சரி, இடுக்குகளுக்குக் கறுப்புப் போடலாம் என்று அதே பெட்டியின் கறுப்பை எடுத்தாள். அது பழுப்பின் மேல் பிடிக்காமல் வழுக்கிக்கொண்டு போனது. ஒரு இடத்தில் கறுப்பு, பக்கத்தில் வழவழவென்று ஒரு பளபளப்பு. "நான் தப்பாப் போட்டுட்டனா மிஸ்?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் வரைந்த பிள்ளை, குறை தன் கையில்தான் என்று நினைத்தது.

பேப்பரை வாங்கிச் சாய்த்து வெயிலில் பார்த்தேன். பழுப்பு, ஊதா, பச்சை எல்லாம் மினுக்கியது. கரி மினுக்காது. மினுக்கினால் அது மெழுகு, இல்லாவிட்டால் கிராஃபைட். பன்னிரண்டில் கறுப்பு ஒன்று மட்டும் நிஜமான சார்கோல், மற்ற பதினொன்றும் மெழுகு. பேப்பரின் சொரசொரப்பில்தான் கரித்தூள் போய் உட்காரும். மெழுகு அந்தக் குழிகளை அடைத்துவிட்டால் மேலே கரி நிற்பதற்கு இடமே கிடையாது. அழிக்கவும் வழியில்லை. பிசைகிற ரப்பரை வைத்து அழுத்தினால் கரி அப்படியே ரப்பரோடு வந்துவிடும், மெழுகு வராது. அந்தப் படம் அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. ஒருவேளை நான்தான் அவசரப்படுகிறேனோ என்று, ஊதாப் பென்சிலின் முனையைப் பிளேடால் சீவி, பழைய எவர்சில்வர் கரண்டியில் போட்டு அடுப்பில் காட்டினேன். சீவும்போதே சந்தேகம் தீர்ந்தது: பொடியாக உதிராமல், சோப்பைச் சீவின மாதிரி சுருள் சுருளாக வந்தது. கரண்டி சூடானதும் சுருள்கள் தளர்ந்து ஒன்றோடு ஒன்று ஒட்டி, கரண்டியின் குழியில் ஊதா நிறத்தில் சின்னதாக ஒரு குட்டை. மெழுகுவத்தி அணைத்த வாசனை சமையலறை முழுக்க. என்னிடம் இருந்த அசல் குச்சியையும் அதே மாதிரி சீவிக் காட்டினேன். தூள் தூளாகவே கிடந்தது, உருகவில்லை.

மறுநாள் பெட்டிகளோடு கடைக்குப் போனேன். முதலில் பேப்பர் சரியில்லை என்றார். பிறகு, "பென்சில்னா பென்சில்தானே மேடம், கலர் வருதில்ல?" என்றார். கடைசியில் கல்லாவுக்கு மேலே மாட்டியிருந்த போர்டைக் கையால் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. வேண்டுமானால் அதே விலைக்கு ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் போர்டைப் பார்த்துப் பயந்து திரும்பி வருகிறவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர். சட்டம் அவர் பக்கம் இல்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைத் தர மறுப்பதும் அப்படித்தான். பெட்டியைத் திருப்பிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. விலை ஸ்டிக்கர் மட்டும்தான் இருந்தது. தயாரித்தவர் பெயரில்லை, இறக்குமதி செய்தவர் முகவரியில்லை, எந்த நாட்டுச் சரக்கு என்றுகூட இல்லை. இறக்குமதிச் சரக்கு என்று விற்கிற பெட்டியில் இதெல்லாம் கண்டிப்பாக அச்சிட்டிருக்க வேண்டும்.

1915-க்கு போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகாரைப் பதிந்து ஒரு எண் கொடுத்தார்கள். எஸ்டிமேட் சீட்டு, ஜிபே ஸ்கிரீன்ஷாட், பெட்டியின் நாலு பக்கப் படம், பாழான அந்த ஓவியம் எல்லாவற்றையும் சேர்த்து வைத்திருக்கிறேன். இதில் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறேன். 5 லட்ச ரூபாய் வரைக்கும் உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடை பெயரை இங்கே எழுதவில்லை. கமெண்டில் கேட்க வேண்டாம்.

ஐந்து வீட்டுக்கும் 850 ரூபாயை என் கையிலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒரு அம்மா வாங்கவே மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன்.

நீங்கள் வாங்கப் போகும்போது கடைக்காரர் போட்டுக் காட்டுகிற பென்சிலை நம்பாதீர்கள். உங்களுக்குத் தரப் போகிற பெட்டியைப் பிரிக்கச் சொல்லுங்கள். கறுப்பை விட்டுவிட்டு ஏதாவது ஒரு நிறத்தை எடுத்துக் கிறுக்கி விரலால் தேய்த்துப் பாருங்கள். பரவ வேண்டும், விரலில் ஒட்ட வேண்டும், சாய்த்துப் பார்த்தால் மினுக்கக் கூடாது. கையோடு கொஞ்சம் சொரசொரப்பான கார்ட்ரிட்ஜ் பேப்பர் எடுத்துப் போங்கள், கடையில் கிடைக்கிற வழவழப்பான சீட்டில் அசல் கரியும் ஒழுங்காகப் பிடிக்காது. பிரிக்க விடமாட்டேன் என்றால் பணத்தை வெளியே எடுக்காதீர்கள்.

அந்தப் பெண்ணுக்கு என்னிடம் இருக்கிற அசல் குச்சிகளைக் கொடுத்திருக்கிறேன். இந்த ஞாயிறு அதே இடத்தில் உட்கார்ந்து மதிலை மறுபடி வரையப் போகிறாள். ஐந்து பெட்டியும் என் வீட்டில்தான் இருக்கின்றன. சத்துவாச்சாரி பக்கம் இருப்பவர்கள் யாருக்காவது மெழுகுக்கும் கரிக்கும் உள்ள வித்தியாசத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை சாயங்காலம் வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.